சாம்பியனைக் காணவில்லை!

ஒரு சின்னப் பரீட்சை. செல்போனைத் தொடக்கூடாது. ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்ற ஒரே தமிழ்நாட்டு கிளப் எது?

"சென்னையின் எஃப்.சி." என்று முன்வரிசையில் கை தூக்குகிறவர்கள் உட்காருங்கள். அபிஷேக் பச்சன் மைதானத்துக்குள் ஓடி வந்து எல்லோரையும் கட்டிப் பிடித்தாரே, அது ஐ.எஸ்.எல். 2015-லும் 2018-லும் அவர்கள் கோப்பையைத் தூக்கியது நிஜம். நான் கேட்டது ஐ-லீக்.

விடை: சென்னை சிட்டி எஃப்.சி. தேதி: 2019 மார்ச் 9, சனிக்கிழமை. இடம்: கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்.

தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். பெரும்பான்மையோடுதான் இருக்கிறீர்கள். நான் விசாரித்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. ஒன்பதாவது ஆள், "அப்படியா! அந்த டீம் இப்போ எங்கே ஆடுது?" என்று ஆர்வமாகக் கேட்டார். அங்கேதான் விவகாரமே. 2021-க்குப் பிறகு தேசிய லீக் எதிலும் அந்தப் பெயர் கிடையாது. சாம்பியன் ஆன இரண்டாவது வருஷமே ஆள் காலி.

ஒரு மாநிலத்தின் சாம்பியன் கிளப் காணாமல் போகிறது. ஒரு பந்த் இல்லை, ஒரு போஸ்டர் இல்லை, சட்டசபையில் ஒரு கவன ஈர்ப்புத் தீர்மானம் இல்லை. நடிகரின் படம் ஒரு வாரம் தள்ளிப் போனால் பால் குடத்தோடு தெருவுக்கு வருகிற நாடு இது. கால்பந்து கிளப் போனால் போகட்டும் போடா!

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டுமே.

சென்னை சிட்டியின் வேர் 1946-ல் ஆரம்பித்த நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்பார்கள். பல வருஷம் சென்னை லோக்கல் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த சாதாரண கிளப். பிறகு அதை ஒரு தனியார் நிர்வாகம் எடுத்துக்கொண்டது. 2016 கடைசியில் ஐ-லீக்கில் நேரடி நுழைவு கொடுத்தார்கள். அதாவது கீழ்த் தட்டில் ஆடி ஜெயித்து வர வேண்டாம், பணமும் திட்டமும் இருந்தால் நேராக உள்ளே வரலாம். வந்தார்கள். முதல் இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப் பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்கள். முதல் சீசன் சென்னையில். அப்புறம் வீட்டைக் கோவைக்கு மாற்றிக்கொண்டார்கள். பெயர் மட்டும் சென்னை!

மூன்றாவது சீசனில் ஏதோ ஒரு மந்திரம் வேலை செய்தது. மந்திரம் என்ன மந்திரம், சரியான ஆள் தேர்வுதான். கோச் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயினிலிருந்து பெரிய பெயர் எதுவும் இல்லாத வீரர்களை அழைத்து வந்தார்கள். நெஸ்டர் கோர்டிலோ, சான்ட்ரோ, எஸ்லாவா. கூடவே உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்ஸி. இந்த மான்ஸி ஒரே சீசனில் 21 கோல் அடித்தார். லீக்கிலேயே அதிக கோல், இன்னொருவரோடு சமமாக. அவர்களோடு நம் பையன்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி. கொல்கத்தா ஜாம்பவான்கள் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஆடிய அதே லீக்கில் இந்தச் சின்ன அணி முதலிடத்தில் உட்கார்ந்தது.

கடைசி நாள் நிலவரம் சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம். சென்னை சிட்டி ஜெயித்தால் பட்டம். கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் ஜெயித்து இவர்கள் டிரா செய்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கியதுமே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் 0-1. இரண்டாவது பாதியில் மான்ஸி ஒரு பெனால்டி. பிறகு கௌரவ் போரா, டிஃபெண்டர் சார், கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை, ஒன்றல்ல இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி இருந்து 2-1 என்று ஜெயித்தது. கடைசிக் கணக்கு: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42.

ஒரே ஒரு புள்ளி! அன்று கோவை ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்ற நாம் எல்லாம் அடுத்த இரண்டு வாரத்தில் சேப்பாக்கத்தில் தொடங்கப்போகிற ஐ.பி.எல்.லுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்குக் கண் தெரிந்திருந்தது. அந்த சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. சுவிஸ்காரன் கோயம்புத்தூருக்கு வந்து கால்பந்து கிளப்பில் பங்கு வாங்குகிறான். நம்ம ஊர்ப் பெரிய மனிதர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது சறுக்கல். முதலில் மேலே இருந்தவர்கள் செய்த காரியம். 2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பும் நம்ம சம்மேளனமும் சேர்ந்து, இனி ஐ.எஸ்.எல்.தான் நம்பர் ஒன் லீக், ஐ-லீக் இரண்டாம் தட்டு என்று பாதை போட்டுவிட்டன. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏற வேண்டுமானால் 2022-23 வரை காத்திருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கியவனைக் கூப்பிட்டு, "தம்பி, உன் ஸ்கூல் இனி நடுநிலைப் பள்ளி" என்று சொன்னால் எப்படி இருக்கும்!

சாம்பியன் என்ற முறையில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள். 2020 ஜனவரியில் பஹ்ரைனில் ரிஃபா அணியோடு 0-1 என்று தோற்றார்கள். கௌரவமான தோல்விதான். அடுத்து ஏ.எஃப்.சி. கோப்பை. மாலத்தீவின் மாஸியா அணியோடு 2020 மார்ச் 11-ல் மேட்ச், 2-2 டிரா. அது சென்னை சிட்டிக்கு 'ஹோம் மேட்ச்'. எங்கே நடந்தது தெரியுமா? அகமதாபாத்தில்! பெயர் சென்னை, குடித்தனம் கோவை, சொந்த மைதானம் குஜராத். இந்தத் தமாஷை வடிவேலுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தால்கூட, "ஓவரா இருக்குண்ணே" என்று வேண்டாம் என்றிருப்பார்.

அந்த மார்ச்சிலேயே கொரோனா. போட்டிகள் நின்றன. மான்ஸி அதற்கு முன்பே ஜப்பானுக்குப் போய்விட்டார். எட்வின் சென்னையினுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. 2020-21 சீசனைக் கொல்கத்தாவில் மூடிய அரங்கில் ஆடி முடித்தார்கள். அடுத்த சீசனுக்கு லைசென்ஸ் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று அணி சேர்க்கப்படவில்லை. அந்த இடம் மும்பையின் கென்க்ரே கிளப்புக்குப் போனது.

முடிந்தது கதை. காஞ்சிபுரத்துக்காரன் என்பதால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அதே 2019-ல்தான் ஜூலை முதல் தேதி அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தார். 48 நாள் ஊரே தாங்கவில்லை, அத்தனை கூட்டம். பிறகு திரும்பக் குளத்துக்குள் போய்விட்டார். ஆனால் அவர் விஷயத்தில் உத்தரவாதம் இருக்கிறது. 2059-ல் வந்தே தீருவார். கிளப் விஷயத்தில்?

*

"முதலாளிக்குக் கட்டுபடியாகவில்லை, மூடிவிட்டார். உனக்கென்னய்யா?" என்று கேட்கலாம். ஆடிட்டர் நண்பன் ஒருவன் கேட்டான். நானும் பி.காம். படித்தவன்தான். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியை மூடுவது பாவம் இல்லை என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் சண்டை முதலாளியோடு இல்லை. அவர் பணம் போட்டார், ஒரு கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் அதைச் செய்தோம்? என் சண்டை, ஒரு ஊரின் கிளப்பை ஒரு ஆளின் பாக்கெட்டில் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதோடு.

இந்தியாவில் இந்தப் பாக்கெட் வைத்தியத்தின் சரித்திரத்தைப் பாருங்கள். முதல் தேசிய லீக், 1996-97, ஜெயித்தது பஞ்சாபின் ஜே.சி.டி. பக்வாராவில் இருக்கும் பஞ்சாலையின் அணி. 2011-ல் ஆலை நிர்வாகம் போதும் என்றது, அணி கலைந்தது. மஹிந்திரா யுனைடெட் 2005-06 சாம்பியன். 2010-ல் மூடுவிழா. பக்கத்து வீட்டு எஃப்.சி. கொச்சின் 1997-ல் பிறந்த வருஷமே டூரண்ட் கோப்பையை வாங்கி அசத்தியது. ஐந்தே வருஷம், 2002-ல் காலி. கால்பந்தை மூச்சாகச் சுவாசிக்கிற கேரளத்திலேயே இந்த லட்சணம். பணக்காரர்களின் ஐ.எஸ்.எல். மட்டும் என்ன வாழ்ந்தது? 2025 ஜூலையில், லீக் நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று அடுத்த சீசனையே நிறுத்தி வைத்தார்கள். சம்பளம் நிறுத்தம், நடவடிக்கை நிறுத்தம் என்று கிளப்புகள் ஒவ்வொன்றாக அறிக்கை விட்டன. கையெழுத்துப் போட வேண்டிய பேனா யார் கையிலோ. மைதானத்தில் ஓட வேண்டியவன் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறான்.

ஒரு விளையாட்டு வீரனின் காலுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆயுள். அதில் ஒரு வருஷம் போனால் திரும்பி வருமா? மான்ஸிக்கு ஜப்பான் கிடைத்தது. வியாசர்பாடியிலிருந்தோ தூத்தூரிலிருந்தோ வந்த பையனுக்கு எந்த ஜப்பான்?

*

இப்போது கொஞ்சம் தூரமாகப் போய் வருவோம். மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்று ஒரு சின்ன நாடு. ஜனத்தொகை சுமார் 50 லட்சம். 2011 கணக்குப்படி பிரிக்கப்படாத நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே 40 லட்சம் பேர் இருந்தோம். அந்தச் சுண்டைக்காய் நாடு 2014 உலகக் கோப்பையில் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து மூன்றும் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தது. காலிறுதியில் நெதர்லாந்திடம் பெனால்டியில்தான் தோற்றது. அவர்கள் கோலி கெய்லர் நவாஸ், பிறகு ரியல் மாட்ரிட் போனவர், உருவானது சாப்ரிஸா என்ற கிளப்பில்.

அந்த சாப்ரிஸாவின் கதையைக் கேளுங்கள். 1935 ஜூலை. சான் ஹோசே நகரத்தில் பெட்டோ ஃபெர்னாண்டஸ் என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. தன் பட்டறையில் பேட்டைப் பையன்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஒரு டீம் ஆரம்பிக்கிறார். டீம் ரெடி, ஜெர்சி இல்லை. அந்த ஊரில் ரிக்கார்டோ சாப்ரிஸா என்று ஒருவர். எல் சால்வடாரில் பிறந்து, ஸ்பெயினில் கால்பந்து ஆடி, கோஸ்டா ரிக்காவில் ஜவுளித் தொழில் செய்ய வந்தவர். அவரிடம் போய் நிற்கிறார்கள். துணிக்காரர் துணி கொடுக்கிறார். நன்றிக்கு அவர் பெயரையே டீமுக்கு வைத்துவிடுகிறார்கள். செருப்புக்காரர் ஆரம்பித்து ஜவுளிக்காரர் உடுத்திவிட்ட கிளப்!

1949-ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1959-ல் உலகத்தைச் சுற்றி வந்து மேட்ச் ஆடினார்கள், அந்தக் காலத்தில், அந்தச் சின்ன நாட்டிலிருந்து. 1972-ல் சொந்தமாக ஸ்டேடியம். அந்த வருஷத்திலிருந்து 1977 வரை வரிசையாக ஆறு முறை நாட்டுச் சாம்பியன். நம்ம பாஷையில் சொன்னால் கத்தரிப்பூ கலர் ஜெர்சி. ஊரில் பாதிப் பேர் அந்தக் கலர், மீதிப் பேருக்கு அந்தக் கலரைக் கண்டாலே ஆகாது. ஒரு கிளப் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எது?

ரொம்பப் புகழ்ந்துவிட்டேன், இப்போது நிஜத்தையும் சொல்ல வேண்டும். சாப்ரிஸாவுக்கும் கஷ்ட காலம் வந்தது. 2003-ல் மெக்ஸிகோ தொழிலதிபர் ஹோர்ஹே வெர்காரா அதை வாங்கினார். வெளிநாட்டுக்காரர் கையில் நம்ம கிளப்பா என்று அங்கேயும் முணுமுணுப்புதான். 2005-ல் உலகக் கிளப் போட்டிக்கு ஜப்பான் போனார்கள். லிவர்பூலிடம் தோற்று, சவூதியின் அல் இத்திஹாத்தை 3-2 என்று ஜெயித்து, உலகத்தில் மூன்றாவது இடம். 2011-ல் வெர்காரா விற்றுவிட்டுப் போனார். உள்ளூர்க்காரர்களே ஒரு குழுவாகச் சேர்ந்து வாங்கினார்கள்.

கவனியுங்கள், முதலாளி வந்தார், முதலாளி போனார். கிளப் அதே பெயரில், அதே மைதானத்தில், அதே கலரில் இருந்தது. சென்னை சிட்டியில் முதலாளி போனபோது கிளப்பும் சேர்ந்து போனது. ஏன்? சாப்ரிஸாவுக்கு முதலாளிக்கு வெளியே ஒரு உடம்பு இருந்தது. மைதானம் கிளப்புக்குச் சொந்தம். பையன்கள் கீழிருந்து வளர்ந்து வந்தார்கள். ஊரில் மூன்று தலைமுறை அதைத் தங்கள் சொத்து என்று நினைத்தது. சென்னை சிட்டிக்கு மைதானம் வாடகை, ஊர் வாடகை, நட்சத்திர வீரர்கள் ஒரு சீசன், இரண்டு சீசன் ஒப்பந்தம். ரசிகர்கள்? பாவம், அவர்கள் கையில் டிக்கெட் அடிக்கட்டை மட்டும்தான் மிச்சம்.

கொல்கத்தாவில் ஒரு சுவாரஸ்யம் நடந்தது. 1889-ல் தொடங்கிய மோகன் பகான், 2020-ல் பெரும் தொழில் குழுமத்தோடு சேர்ந்தது. 80 சதவீதம் கம்பெனிக்கு, 20 சதவீதம் பழைய கிளப்புக்கு. பெயருக்கு முன்னால் 'ஏ.டி.கே.' என்று மூன்று எழுத்தை ஒட்டினார்கள். ரசிகர்கள் விடவில்லை. மூன்று வருஷம் பேனர், கோஷம், ஊர்வலம். 2023-ல் அந்த மூன்று எழுத்தை எடுத்தே ஆக வேண்டியதாயிற்று. 80 சதவீதக்காரர் பின்வாங்கினார் சார், 20 சதவீதத்துக்காக! அங்கே மெம்பர் கார்டு வைத்திருக்கும் தாத்தாவின் பேரனும் மெம்பர். கம்பெனிச் சட்டத்தில் அதற்கு மதிப்பு கம்மி. தெருவில் மதிப்பு அதிகம்.

ஐரோப்பாவில் இதை எழுதியே வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் '50+1' என்று ஒரு விதி. கிளப்பில் யார் எத்தனை கோடி போட்டாலும் ஓட்டில் பாதிக்கு மேல் மெம்பர்களிடம் இருக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, மருந்துக் கம்பெனியின் லெவர்குசன், கார் கம்பெனியின் வோல்ஃப்ஸ்பர்க் மாதிரி. ஸ்பெயினில் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் இன்றைக்கும் மெம்பர்களின் சொத்து. தலைவரை மெம்பர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெஸ்ஸி ஆடிய கிளப், சட்டப்படி பார்த்தால், நம்ம நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

*

ஆமாம், இப்போது நம்ம ஊருக்கு வந்துவிட்டோம்.

காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில், இட்லி என்று டூரிஸ்ட் கைடு ஒப்பிப்பார். அவர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது பம்பாயிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. 1904 அக்டோபரில், இங்கே, காஞ்சிபுரத்தில். கூட்டாகப் பணம் போடுவது, கூட்டாக நிர்வாகம் செய்வது, கூட்டாகச் சண்டை போட்டுக்கொள்வது, மூன்றிலும் நமக்கு நூற்றிருபது வருஷ சர்வீஸ். செருப்புக்காரர் சான் ஹோசேயில் டீம் ஆரம்பித்த அதே 1935-ல்தான் நம்ம கோ-ஆப்டெக்ஸும் பிறந்தது. இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஐந்து வருஷம்கூடத் தேசிய லீக்கில் தாக்குப் பிடிக்காத 'பிரைவேட் லிமிடெட்' எங்கே, இவை எங்கே!

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் ஒரு பெரியவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். சங்கத்தில் பழைய உறுப்பினர்.

"ஐயா, சங்கம் மாதிரியே ஊருக்கு ஒரு ஃபுட்பால் கிளப் வச்சா எப்படி இருக்கும்?"

அவர் நாடாவை நிறுத்தாமலே சிரித்தார். "இன்னா தம்பி, பட்டுக்கே கூலி ஏத்தித் தர மாட்றான், நீ பந்துக்கு சங்கம் வைக்கச் சொல்ற. சங்கம்னா சண்டை இருக்கும், தெரியுமா?"

"சண்டை இருந்தாலும் சங்கம் இன்னும் நடக்குதே ஐயா."

"அது நடக்கும். பாவு கொடுக்கணும், ஜரிகை கொடுக்கணும், தீபாவளிக்கு போனஸ் கொடுக்கணும். இத்தினி பேரு வவுறு அதுல இருக்குது. மூடிட்டுப் போறதுக்கு அது எவன் அப்பன் வூட்டு சொத்து?"

எம்.பி.ஏ. படிப்பில் இரண்டு செமஸ்டர் எடுத்துக்கொண்டு சொல்லித் தருவதை மனிதர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கூட்டுறவு என்றதும் சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரியும். அரசியல் புகுந்துவிடும். தேர்தல் நடக்காது. நடந்தால் கட்சிக்காரர் தலைவராவார். போலி உறுப்பினர், போலிக் கணக்கு, கடைசியில் தனி அதிகாரி வந்து நாற்காலியில் உட்காருவார். எல்லாம் உண்மை. காஞ்சிபுரத்துக்காரனிடம் கூட்டுறவின் ஓட்டைகளைப் பற்றி வெளியூர்க்காரர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஓட்டை உள்ள குடையை எறிந்துவிட்டு, மழை வந்தால் மட்டும் மடங்கிக்கொள்ளும் குடையை வாங்கி வருவது என்ன புத்திசாலித்தனம்?

கூட்டுறவுச் சட்டம் பிடிக்காவிட்டால் சங்கப் பதிவுச் சட்டம் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் லாப நோக்கில்லாத கம்பெனி என்று கம்பெனிச் சட்டத்தில் எட்டாவது பிரிவே இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. போக ஆள் இல்லை.

காசு? கணக்குப் போடுவோம், படித்த படிப்புக்கு மரியாதை செய்ய வேண்டாமா? வருஷத்துக்கு 500 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு தடவை சரவண பவன் பக்கம் ஒதுங்கினால் ஆகும் செலவு. 5,000 பேர் கொடுத்தால் 25 லட்சம். இந்தக் காசில் ஐ.எஸ்.எல். ஆட முடியாது, சிரிக்காதீர்கள். மாவட்ட லீக்குக்கு ஒரு பெரியவர் அணி, கீழே பதின்மூன்று வயது, பதினைந்து வயது அணிகள், சம்பளம் வாங்கும் ஒரு கோச், பந்து, பூட்ஸ், முட்டை, வாழைப்பழம். ஆரம்பத்துக்குப் போதும். செருப்புப் பட்டறையில் இவ்வளவுகூட இல்லை.

அதற்கு மேல் வேண்டுமா? கம்பெனிச் சட்டம் 2013-ன்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. கால்பந்து ஒலிம்பிக் விளையாட்டு. நம்ம மாவட்டத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உலகக் கோப்பை மேட்ச் பார்க்கும்போது மைதானத்தைச் சுற்றி ஹூண்டாய் என்று போர்டு தெரிகிறதே, 1999-லிருந்து ஃபிஃபாவுக்கு ஸ்பான்சர், அந்தக் கார் எங்கே தயாராகிறது? இருங்காட்டுக்கோட்டையில். நம்ம மாவட்டம்! கத்தார் மைதானத்தில் போர்டு வைக்கிற கம்பெனி பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. போய்க் கேட்டால் கொடுப்பார்களா, மாட்டார்களா என்பது அப்புறம். 5,000 மெம்பர் கையெழுத்தோடு போய்க் கேட்பதற்கும் எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்தோடு போய் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

"கிரிக்கெட் இருக்கும்போது யார் வந்து ஃபுட்பால் பார்ப்பார்கள்?" கோவையில் வந்தார்கள். வட சென்னையில் தெருவுக்குத் தெரு ஆடுகிறார்கள். கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை மணலில் இடம் கிடைக்காது. நம்ம ஊரிலும் சாயங்காலம் விளையாட்டு அரங்கத்துப் பக்கம் போய்ப் பாருங்கள், பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் பையன்கள் எத்தனை பேர் என்று. அவர்களில் ஒருத்தன் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயசில் அவன் முன்னால் இருக்கும் பாதை என்ன? ரயில்வே, போலீஸ், பேங்க் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. அதுவும் வருஷா வருஷம் சுருங்குகிறது. அது இல்லாவிட்டால் அப்பாவின் தறி. அப்பாவே, "இந்தக் குழியில நீயாவது இறங்காதே" என்கிறார். கடைசியில் ஒரகடத்தில் கான்ட்ராக்ட் ஷிஃப்ட். சாயங்காலம் ஆறு மணிக்குப் பந்து உதைக்க வேண்டியவன் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறான்.

ஆக, இந்தப் பத்தியைப் படிக்கிற காஞ்சிபுரத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பட்டு ஜவுளிக் கடை அதிபர்கள், சங்கத் தலைவர்கள், கல்லூரிக்காரர்கள், கோயில் தெரு வியாபாரிகள், எல்லோருக்கும்தான். யாராவது ஒருத்தர் முதல் கூட்டத்துக்குத் தேதி குறியுங்கள். நன்கொடை கொடுத்து உங்கள் பெயரை ஜெர்சியில் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் சொந்தக்காரர் ஆகிவிடாதீர்கள். என் 500 ரூபாய் தயார். துணை விதிகளை வக்கீல்கள் எழுதட்டும். ஒரே ஒரு விதியை மட்டும் நானே எழுதித் தருகிறேன்:

'கிளப்பின் பெயர், கலர், மைதானம், சிறுவர் அணி ஆகிய நான்கையும் பொதுக்குழுவில் நேரில் வந்து ஓட்டுப் போடும் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் சம்மதம் இல்லாமல் விற்கவோ, மாற்றவோ, மூடவோ தலைவர், செயலாளர், பொருளாளர் எவருக்கும் அதிகாரம் கிடையாது.'